சென்று வாருங்கள்: ‘மிஸ்ஸா’ என்ற சொல்லின் வரலாறு



ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கியதும் நம்மில் சிலருடைய கால்கள் வாசலை நோக்கித் திரும்பிவிடுகின்றன. அறிவிப்புகள் வாசிக்கப்படும்போதே வெளியே வண்டிகள் கிளம்பும் ஓசை கேட்கிறது. குருவானவர் இறுதி ஆசீர் அளித்து, நம்மைச் சென்று வருமாறு சொல்லும்போது, ‘இறைவா உமக்கு நன்றி’ என்று பதில் சொல்ல நின்றிருப்பவர்கள் தொடக்கத்தில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே இருக்கிறார்கள். முக்கியமானதெல்லாம் முடிந்துவிட்டது, இனி கூட்டம் கலைய வேண்டியதுதானே என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் உலகின் பல மொழிகளில் திருப்பலிக்குப் பெயர் கிடைத்தது அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்துதான். இலத்தீன் வழிபாட்டில் திருத்தொண்டர் மக்களை நோக்கிச் சொல்லும் வாக்கியம், ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்பது. நம் பங்குகளில் முதிர்ந்த வயதுடைய சிலருக்கு, சிறுவயதில் காதில் விழுந்த இந்த ஓசை இன்னும் நினைவிருக்கலாம். இதிலுள்ள ‘மிஸ்ஸா’ என்ற சொல்லே இத்தாலிய மொழியில் ‘மெஸ்ஸா’ என்றும், ஸ்பானிய மொழியில் ‘மிசா’ என்றும், ஆங்கிலத்தில் ‘மாஸ்’ என்றும் ஆனது. ‘கிறிஸ்மஸ்’ என்று நாம் சொல்லும்போதுகூட அதன் கடைசி அசையில் இச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துவின் திருப்பலி என்பதே அப்பெயரின் பொருள்.

நம் மொழியில் வழக்கு வேறு. நம் பாட்டன் பாட்டிமார் ‘பூசை’ என்றார்கள். நாம் ‘திருப்பலி’ என்கிறோம். அண்டையில் கேரளத்துச் சிரிய மரபினர் ‘குர்பானா’ என்கிறார்கள். அது காணிக்கை என்று பொருள்படும் சிரியச் சொல். இவை எல்லாம் பீடத்தில் நடப்பதைச் சுட்டும் பெயர்கள். இலத்தீன் திருஅவை மட்டும், மக்கள் வாசலைத் தாண்டிப் போகும் நேரத்தில் சொல்லப்படும் சொல்லை முழு வழிபாட்டுக்கும் பெயராக வைத்துக்கொண்டது. இது எப்படி நடந்தது என்று இன்று கொஞ்சம் பார்ப்போம். அதற்குச் சிறிது இலக்கணம் தேவைப்படும். பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பில் படித்ததே போதும்.

‘அனுப்பு’ என்பதற்கு இலத்தீனில் ‘மித்தெரே’ என்பது வினைச்சொல். அதிலிருந்து ‘அனுப்பப்பட்ட’ என்ற பொருளில் ஒரு சொல் பிறக்கிறது: ஆண்பாலுக்கு ‘மிஸ்ஸுஸ்’, பெண்பாலுக்கு ‘மிஸ்ஸா’, அஃறிணை போன்ற பொதுப்பாலுக்கு ‘மிஸ்ஸும்’. தமிழில் ‘வா’ என்ற வினையிலிருந்து ‘வந்தவன், வந்தவள், வந்தது’ என்று சொற்கள் பிறக்கின்றன. அவை ‘வந்தவனை, வந்தவளுக்கு, வந்தவர்களுடைய’ என்று வேற்றுமை உருபும் ஏற்கின்றன. பிறப்பால் வினை, நடத்தையால் பெயர். ஆகவே இவற்றை வினையாலணையும் பெயர் என்றனர் நம் இலக்கண ஆசிரியர்கள். இலத்தீன் இலக்கணத்தாரும் ஏறத்தாழ இதையே கண்டார்கள். வினையிலும் பெயரிலும் பங்குகொள்ளும் சொல் என்பதால், ‘பங்குகொள்வது’ என்று பொருள்படும் பெயரையே இவ்வகைச் சொற்களுக்கு வைத்தார்கள்.

தமிழில் எட்டு வேற்றுமை, இலத்தீனில் ஆறு. எழுவாயாக நிற்கும்போது ‘மிஸ்ஸா’. ‘ஐ’ உருபின் பொருளில் ‘மிஸ்ஸாம்’. ‘உடைய’ என்றாலும் ‘கு’ என்றாலும் ‘மிஸ்ஸே’. பலவற்றினுடைய என்றால் ‘மிஸ்ஸாரும்’. பலரைக்கொண்டு, பலரால் என்ற பொருளில் ‘மிஸ்ஸீஸ்’. இந்த வடிவங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் வரலாற்றில் ஓரிடத்தில் நாம் சந்திக்கப் போகிறோம்.

பிற்கால இலத்தீன் பேச்சில் ஒரு வழக்கம் இருந்தது. இத்தகைய பெண்பால் வடிவத்தையே எடுத்து, செயலுக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். ‘ஒன்றுசேர்க்கப்பட்டது’ என்ற பொருளுள்ள ‘கொல்லெக்தா’, ‘ஒன்றுகூடுதல்’ என்றானது. திருப்பலியின் தொடக்கத்தில் குருவானவர் ‘மன்றாடுவோமாக’ என்று அழைத்து, நம் எல்லாருடைய வேண்டல்களையும் திரட்டிச் சொல்லும் மன்றாட்டுக்கு இலத்தீனில் இன்றும் இதுவே பெயர். அதே முறையில் ‘அனுப்பப்பட்ட’ என்ற பொருளுள்ள ‘மிஸ்ஸா’, ‘அனுப்பிவைத்தல், விடைகொடுத்தல்’ என்றானது. தொடக்கத்தில் கூட்டிச் சேர்க்கும் சொல்லும் முடிவில் அனுப்பும் சொல்லும் ஒரே இலக்கண வார்ப்பில் பிறந்த உடன்பிறப்புகள்.

முதலில் இது கோவிலுக்கே உரிய சொல்லாக இருக்கவில்லை. இன்றைய பிரான்சு நாட்டின் வியென் நகர ஆயராக இருந்த புனித அவித்துஸ், 500-ஆம் ஆண்டை ஒட்டி, பர்குந்திய அரசன் குந்தொபாதுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோவில்களிலும் அரண்மனைகளிலும் நீதிமன்றங்களிலும் மக்களைக் கலைந்து போகச் சொல்லும்போது ‘மிஸ்ஸா’ என்று அறிவிப்பது வழக்கம் என்று அதில் விளக்குகிறார். வழக்கு முடிந்தது, போகலாம்; அரசவை கலைந்தது, போகலாம் என்பதுபோல் அது அன்றாடச் சொல்.

ஆனால் கோவிலில் விடைகொடுத்தல் வெறும் அறிவிப்பாக இருக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எஜேரியா என்ற பெண்மணி மேற்கிலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் சென்றார். தாம் கண்டவற்றைத் தம் ஊர்ச் சகோதரிகளுக்கு விரிவாக எழுதி வைத்தார். பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அந்தக் குறிப்புகளின் கையெழுத்துப் படி 1884-இல் இத்தாலியின் அரெத்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதில் ‘மிஸ்ஸா’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு வழிபாட்டின் முடிவிலும் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோரை ஆயர் முதலில் ஆசீர்வதிக்கிறார்; பின்பு நம்பிக்கையாளர்களை ஆசீர்வதிக்கிறார்; மக்கள் ஒவ்வொருவராக அவர் கையருகே வருகிறார்கள். நம் வீட்டில் வெளியூர் கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் தாய் சிலுவை வரைந்து அனுப்புவதைப் போன்றது அது. ஆசீர் இல்லாமல் யாரையும் வெறுமனே அனுப்பிவிடவில்லை.

அக்காலத் திருப்பலியில் இரண்டு முறை விடைகொடுத்தல் நடந்தது. மறையுரை முடிந்ததும் திருமுழுக்குப் பெறாதவர்கள் அனுப்பப்பட்டார்கள். நற்கருணைக்குப் பின் நம்பிக்கையாளர்கள் அனுப்பப்பட்டார்கள். இப்போ நகர ஆயரான புனித அகுஸ்தினார் ஒரு மறையுரையில், உரை முடிந்ததும் ஆயத்தம் செய்வோருக்கு ‘மிஸ்ஸா’ நடக்கும், நம்பிக்கையாளர் இருப்பார்கள் என்று குறிப்பிடுகிறார். புனித இசிதோர், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செவில் நகரில் தொகுத்த சொல்விளக்கப் பெருநூலில், இந்த முதல் விடைகொடுத்தலிலிருந்தே திருப்பலிக்குப் பெயர் வந்தது என்கிறார்.

இரண்டு விடைகொடுத்தல்கள் இருந்ததால் சொல் பன்மையிலும் வழங்கியது. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த புனித பெரிய கிரகோரியாரிடம் ‘மிஸ்ஸாரும்’ என்ற பன்மை வடிவத்தைப் பார்க்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவர் ஆற்றிய மறையுரையின் தொடக்கத்தில், அன்று மூன்று முறை திருப்பலி நிறைவேற்ற வேண்டியிருப்பதால் நீண்ட நேரம் பேச இயலாது என்கிறார். மறையுரையாளர்கள் எல்லாரும் மனத்தில் கொள்ளவேண்டிய முன்மாதிரி! அவர் காலத்துக்குள் சொல்லின் பொருள் நிலைபெற்றுவிட்டது. விடைகொடுத்தல் என்ற பொருள் பின்னே போய், திருப்பலி என்ற பொருள் முன்னே வந்துவிட்டது. 700-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட உரோமைத் திருவழிபாட்டு ஒழுங்கில், திருத்தந்தை தலையசைத்ததும் திருத்தொண்டர் ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்று அறிவிப்பதையும், மக்கள் கடவுளுக்கு நன்றி என்று பதில் சொல்வதையும் காண்கிறோம்.

பழைய பொருள் மங்கியதும், அறிஞர்கள் விளக்கம் தேடினார்கள். இணைச்சட்ட நூல் 16-ஆம் அதிகாரத்தில் காணிக்கையைக் குறிக்கும் ஓர் எபிரேயச் சொல் ‘மிஸ்ஸா’வைப் போலவே ஒலிப்பதால், அதிலிருந்து இது வந்திருக்கும் என்று 16-ஆம் நூற்றாண்டில் சிலர் வாதிட்டார்கள். இன்று மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. புனித தோமா அக்குவினா இலக்கணத்தை உற்றுப் பார்த்தார். ‘மிஸ்ஸா எஸ்த்’ என்பதை ‘இதுவே விடைகொடுத்தல்’ என்றும் படிக்கலாம். ‘அனுப்பப்பட்டாயிற்று’ என்று வினைமுற்றாகவும் படிக்கலாம். அப்படியானால் அனுப்பப்பட்டது எது? பலிப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல் பெண்பால். ஆகவே பலி வானதூதர் வழியாகக் கடவுளிடம் அனுப்பப்பட்டது என்று அவர் பொருள் கண்டார். திருஅவை என்ற சொல்லும் பெண்பாலே. திருஅவை அனுப்பப்படுகிறது என்று படித்தவர்களும் உண்டு. ‘விடைகொடுத்தல்’ என்ற பெயர்ச்சொல்லே மூலப்பொருள் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து.

சரி, சொல்லின் பிறப்பு தெரிந்துவிட்டது. அனுப்பப்படுகிறோம் என்றால் எதற்காக? இதற்கு விடை காண, திருப்பலியின் பெயராக இச்சொல் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்றுக்குப் போவோம்.

இத்தாலியின் மிலான் நகரம். 386-ஆம் ஆண்டு, 385 என்று கணிப்பவர்களும் உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. இளம் பேரரசன் இரண்டாம் வாலென்தீனியனின் தாய் யுஸ்தீனா, கிறிஸ்து தந்தைக்கு இணையான கடவுள் அல்லர் என்று போதித்த ஆரியுசின் கொள்கையை ஆதரித்தவர். அக்கொள்கையினருக்கு ஒரு கோவிலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அரண்மனையின் கட்டளை. ஆயர் புனித அம்புரோசியார் மறுத்துவிட்டார். நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நாள்களில் நடந்தவற்றை அவர் தம் அக்காள் மார்சலீனாவுக்குக் கடிதமாக எழுதினார்.

அந்த ஞாயிறன்று வாசகங்களும் மறையுரையும் முடிந்தன. புதிதாக ஆயத்தம் செய்வோரை அனுப்பிவிட்டு, விரைவில் திருமுழுக்குப் பெறவிருந்தவர்களுக்கு அவர் நம்பிக்கை அறிக்கையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். அப்போது செய்தி வருகிறது. நகர மதிலுக்கு வெளியே இருந்த போர்சியான் கோவிலுக்கு அரண்மனையிலிருந்து ஆள்கள் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அது அரசுடைமை என்பதற்கு அடையாளமாகத் திரைகளைத் தொங்கவிடுகிறார்கள். மக்களில் ஒரு பகுதியினர் அங்கே விரைகிறார்கள். ஆயர் தம் கடமையில் நிலைத்து நின்று, ‘மிஸ்ஸாம்’ நிறைவேற்றத் தொடங்கியதாக எழுதுகிறார். ‘ஐ’ உருபின் பொருளில் நாம் பார்த்த அதே வடிவம்.

காணிக்கையை அவர் ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு செய்தி. காஸ்துலுஸ் என்பவரை மக்கள் தெருவில் பிடித்துக்கொண்டார்கள். அவர் யார்? ஆரியுசின் கொள்கையினர் தங்கள் குரு என்று ஏற்றிருந்தவர். அவரைப் பிடித்தவர்கள் யார்? அம்புரோசியாரின் சொந்த மக்கள். தம் ஆயர்மேல் உள்ள பற்றினால், தம் கோவிலைக் காக்கும் ஆவேசத்தினால், எதிரணிக் குருவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆத்திரத்தில் இருக்கும் கூட்டத்தின் கையில் தனியாக ஒருவர் அகப்பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

அம்புரோசியார் ‘நமக்கு ஆகாதவன்தானே’ என்று இருந்துவிடவில்லை. திருப்பலி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் தள்ளிவைக்கவில்லை. பீடத்தில் நின்றபடியே மனம் கசந்து அழுதார். திருஅவையின் பொருட்டு யாருடைய இரத்தமும் சிந்தப்படக் கூடாது. சிந்தித்தான் ஆகவேண்டுமென்றால் தம் மக்களுக்காகவும் தம்மை எதிர்ப்பவர்களுக்காகவும் தம்முடைய இரத்தம் சிந்தப்படட்டும் என்று மன்றாடினார். அதோடு நிற்காமல் அருள்பணியாளர்களையும் திருத்தொண்டர்களையும் அனுப்பி, அந்த மனிதரைக் காப்பாற்றினார். அனுப்பப்பட்ட அவர்களைக்கொண்டு காப்பாற்றினேன் என்று அவர் எழுதும் இடத்தில் வரும் சொல்: ‘மிஸ்ஸீஸ்’. சில வரிகளுக்கு முன் ‘மிஸ்ஸாம்’ என்று வந்த அதே சொல், பன்மையில், வேறு வேற்றுமையில்.

அம்புரோசியார் சொல்விளையாட்டு ஏதும் செய்யவில்லை. நடந்ததை அக்காளுக்கு எழுதினார், அவ்வளவே. ஆனாலும் அந்தச் சிறு பகுதியில் இரண்டு வகை அனுப்புதல்கள் எதிரெதிரே நிற்கின்றன. அரண்மனை ஆள்களை அனுப்பியது, ஒரு கட்டடத்தைக் கைப்பற்ற. ஆயர் ஆள்களை அனுப்பினார், ஒரு மனிதரைக் காப்பாற்ற. அதுவும் தம் பீடத்தை ஏற்காத ஒருவரை, தம் சொந்த மக்களின் கோபத்திலிருந்து. அந்த வாரத்துக்குள்ளேயே அரண்மனை பின்வாங்கி, வீரர்களைக் கோவிலிலிருந்து விலக்கிக்கொண்டது. அந்நாள்களில் மிலானில் வாழ்ந்த ஒருவர், இன்னும் திருமுழுக்குப் பெறாதவர், 387-இல் பாஸ்கா திருவிழிப்பின்போது அம்புரோசியார் கையாலேயே திருமுழுக்குப் பெற்றார். அவர்தான் அகுஸ்தினார்.

அன்பு நேயர்களே, பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். நற்கருணையை இடமாற்றப் பவனியில் எடுத்துச் செல்கிறோம், பீடம் வெறுமையாக்கப்படுகிறது, சென்று வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய வெள்ளியன்றும் அந்த வாக்கியம் இல்லாமலே அமைதியாகக் கலைகிறோம். பாஸ்கா திருவிழிப்பின் முடிவில்தான், இரண்டு அல்லேலூயாவுடன், அனுப்பும் குரல் மீண்டும் ஒலிக்கிறது. உயிர்த்த ஆண்டவரைக் கண்ட பிறகே நாம் அனுப்பப்படுகிறோம்.

முன்பு இலத்தீன் திருப்பலியில் ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்ற பிறகும் ஆசீரும் யோவான் நற்செய்தியின் தொடக்கப் பகுதியும் தொடர்ந்தன. 1970-இல் வெளிவந்த திருப்பலி நூலில் ஆசீர் முன்னே வந்தது. அனுப்பும் வாக்கியம் கடைசியில் நின்றது. 2007-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் நற்கருணை பற்றிய தம் அறிவுரை மடலில், பழங்காலத்தில் விடைகொடுத்தல் என்று மட்டும் பொருள்பட்ட இச்சொல், கிறிஸ்தவ வழக்கில் படிப்படியாக மறைத்தூது என்னும் ஆழ்ந்த பொருளை ஏற்றது என்று நினைவூட்டினார். அடுத்த ஆண்டே அனுப்பும் வாக்கியத்துக்கு மாற்று வடிவங்களும் தரப்பட்டன. ஒன்று, ஆண்டவரின் நற்செய்தியை அறிவிக்கச் செல்லுமாறு சொல்கிறது. மற்றொன்று, நம் வாழ்வால் அவரை மாட்சிப்படுத்தியபடி அமைதியுடன் செல்லுமாறு சொல்கிறது.

நாம் இன்னும் சந்திக்காத வடிவம் ஒன்று உண்டு: ஆண்பாலில் ‘மிஸ்ஸுஸ்’. புனித எரோணிமுசின் இலத்தீன் விவிலியத்தில், நாசரேத்துக்குக் கடவுளால் அனுப்பப்பட்ட கபிரியேலுக்கும், ஒளியைக் குறித்துச் சான்று பகர அனுப்பப்பட்ட திருமுழுக்கு யோவானுக்கும் இச்சொல்லே வழங்குகிறது. யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் கண்களில் இயேசு சேற்றைப் பூசி, சிலோவாம் குளத்துக்குப் போகச் சொல்கிறார். சிலோவாம் என்றால் அனுப்பப்பட்டவர் என்று பொருள் என நற்செய்தியாளரே விளக்கம் தருகிறார். அங்கே இலத்தீனில் நிற்கும் சொல் ‘மிஸ்ஸுஸ்’. அந்த மனிதர் போனார், கழுவினார், பார்வையோடு திரும்பி வந்தார்.

போனார், திரும்பி வந்தார். நம் தமிழ் வீடுகளில் கிளம்புகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை; சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். ‘போய் வருகிறேன்’ என்போம். ‘போய் வா’ என்று அனுப்புவார்கள். இலத்தீன் திருத்தொண்டர் ‘போங்கள்’ என்று மட்டுமே சொன்னார். நம் திருப்பலி நூல் ‘சென்று வாருங்கள்’ என்கிறது. அந்த ‘வாருங்கள்’ நம் மொழி சேர்த்த அன்பு. ஆனால் அது ஒரு கேள்வியையும் நம்முன் வைக்கிறது. அடுத்த ஞாயிறு திரும்பி வரும்போது, போன இடத்தில் என்ன செய்துவிட்டு வந்தோம் என்று சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்குமா?

நமக்கும் ஒரு காஸ்துலுஸ் இருக்கக்கூடும். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளியாக இருக்கலாம். திருவிழாக் கணக்கில் மூண்ட சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவராக இருக்கலாம். நம் ஆள்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவரைத் தூற்றும்போது, அவர் நமக்கு ஆகாதவர் என்பதாலேயே நாம் வாய் திறக்காமல் இருந்த நாளும் இருந்திருக்கலாம். மிலான் நகரத்து அருள்பணியாளர்கள் பீடத்தருகிலிருந்து தெருவுக்குப் போனது அப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான்.

ஆகவே வரும் ஞாயிறு, ஆசீர் முடியும்வரை காத்திருப்போம். சென்று வாருங்கள் என்று குருவானவர் சொல்லும்போது, யாரிடம் அனுப்பப்படுகிறோம் என்று ஒரு பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்வோம். பிறகு எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வோம்: இறைவா, உமக்கு நன்றி.